இரண்டாவது டிரைவ்

எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று பன்னிரண்டு கிலோ எடையுள்ள பச்சைத் திரை மானிட்டர். சேலையூரில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் மாமா கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, எல்லாம் என்னுடையதுதான் என்றேன். அவர் அதற்கப்புறம் டீயைத் தொடவில்லை. ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. ஜிஎஸ்டி ரோடு நெடுக, பொத்தேரி வரைக்கும், கல்லூரிகளெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டிப் புதுசு வாங்கிக்கொண்டிருந்த காலம். அவர்கள் கழித்தது மேற்குத் தாம்பரத்தின் காயலான் கடைகளுக்கு வரும். சனிக்கிழமை சாயங்காலம் கிண்டி ஆபீஸிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் போவேன். உள்ளங்கையளவுக்குப் பெரிய பிளாப்பி தட்டுகளைத் தின்னும் டிரைவ்கள், ரயில் ஓடுகிற மாதிரி சத்தம் போடும் பிரிண்டர்கள், ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்கள். கிலோ கணக்கில் வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, மாடிப்படியில் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்துத் துடைத்து ஓட வைப்பேன். ஓடும். ஓடியதும் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

இதை இரக்கம் சம்பாதிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு ஆட்களோடு அவ்வளவாக ஒத்துப்போகாது. சீக்கிரம் கோபம் வரும். ஆபீஸில் என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லத்தான் வருவார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா வாரம் ஒருமுறை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். வீட்டில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்ததும் மின்விசிறியைப் போடுவதற்கு முன்பே ஏதாவது ஒரு மெஷினைத்தான் போடுவேன். பச்சை எழுத்து திரையில் வந்து துடித்துக்கொண்டு நிற்கும். வீட்டில் ஏதோ ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்காகவே போட்டேன் என்று இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாயை என்னிடம் அனுப்பி வைத்தது காயலான் கடைக்காரர்தான். பாய்க்கு அறுபது வயதிருக்கும். தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் பை, பெட்டி, குடை விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. மனைவி மவுத்தாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டார். மனைவி பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடலாமா என்று விசாரிக்கப் போனவர், அந்தத் தட்டுகளில் இருப்பதைப் படிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "இத்தயெல்லாம் சேத்து வச்சிகினு ஒரு சார் கீறாரு, சேலையூர்ல. அவராண்ட போ பாய்" என்றாராம். அதை அப்படியே என்னிடம் சொன்னார் பாய். பைத்தியம் என்ற சொல்லை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆட்டோவில் மெஷினோடு வந்திருந்தார். அதில் இரண்டு பிளாப்பி டிரைவ்கள். கூடவே பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் நாற்பது தட்டுகள். அவர் மனைவி அந்தக் காலத்தில் வீட்டிலிருந்தபடியே கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை டைப் செய்து கொடுத்தவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் தானாகவே கற்றுக்கொண்டாராம். ஒவ்வொரு தட்டிலும் மணிமணியான எழுத்தில் பாடத்தின் பெயர் எழுதியிருந்தது. விலங்கியல், பொருளாதாரம், மறுபடி விலங்கியல். ஒன்றில் மட்டும் பென்சிலால் ‘வீடு’ என்று இருந்தது.

பாய்க்கு வேண்டியது அந்த ஒன்றுதான். மத்தியான வேளையில் கட்டுரை வேலை முடிந்த பிறகும் மனைவி எதையோ தட்டிக்கொண்டிருப்பாராம். என்ன அது என்று ஒருநாள் கேட்டதற்கு, சும்மா பழகுகிறேன் என்றாராம். பாய் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று என் வீட்டுப் படியில் நின்றுகொண்டு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாப்பி டிரைவுக்குள் ஒரு சின்னத் தலை உண்டு. தட்டின் மேல் வட்ட வட்டமான பாதைகளில் அதுதான் எழுதும், அதுதான் படிக்கும். அந்தத் தலை சரியான பாதையில் நிற்கிறதா என்பதை ஒரு மோட்டாரும் இரண்டு திருகாணிகளும் தீர்மானிக்கின்றன. வருஷக்கணக்கில் ஓடினால் இது மயிரிழை நகர்ந்துவிடும். என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எந்த டிரைவ் கைக்கு வந்தாலும் முதலில் தலையை ஸ்பிரிட்டால் துடைப்பது, கம்பெனியிலேயே சரியாக எழுதி வந்த தட்டு ஒன்றைப் போட்டுத் தலை எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது, திருகாணியைத் தளர்த்தி மோட்டாரைத் திருப்பி நேராக்குவது. அப்புறம்தான் வேறு எதுவும். பாய் கொண்டு வந்த மெஷினின் இரண்டாவது டிரைவ் நிறையவே விலகியிருந்தது. இப்படியா வைத்திருப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே நேராக்கினேன். அவ்வளவு கச்சிதமாக வந்ததில் எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகு ‘வீடு’ தட்டைப் போட்டேன்.

படிக்கவில்லை. விலங்கியலும் படிக்கவில்லை. நாற்பதில் ஒன்றுகூடப் படிக்கவில்லை. என்னிடமிருந்த வேறு டிரைவ்கள் எதிலும் படிக்கவில்லை.

பூஞ்சை பிடித்துவிட்டதோ என்று தட்டுகளைச் சந்தேகித்தேன். பளபளவென்று இருந்தன. பிரவுசிங் சென்டருக்குப் போய், என்னைப் போன்ற கிறுக்கர்கள் உலகமெங்குமிருந்து எழுதும் ஒரு தளத்தில் விவரமாகக் கேள்வி எழுதிப் போட்டேன். மூன்று நாள் கழித்து யாரோ ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். படிப்பதற்கு முன்பே சரிசெய்துவிட்டாயா என்று கேட்டிருந்தார்.

அங்கே நாற்காலியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் முதல் டிரைவில் டைப் செய்யும் மென்பொருளைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் இரண்டாவதில்தான் எழுதியிருக்கிறார். அது முதலிலிருந்தே கோணலாக இருந்திருக்கிறது. கோணலாகவே எழுதியது, கோணலாகவே திரும்பப் படித்தது. பிள்ளைகளுக்குக் காகிதமாகத்தான் போனதே தவிர, தட்டு ஒன்றுகூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. உலகத்தில் அந்தத் தட்டுகளைப் படிக்கக்கூடிய டிரைவ் அது ஒன்றுதான். அதைத்தான் நான் நேராக்கி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "மறுபடியும் கோணலாக்க முடியாதா சார்?" என்றார்.

முடியும். எவ்வளவு கோணல் என்பது தெரியாது, அவ்வளவுதான். மோட்டாரை மயிரிழை திருப்ப வேண்டும், தட்டைப் போட வேண்டும், பார்க்க வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் தட்டு தேய்ந்துவிடும். அதனால் முதலில் விலங்கியல் தட்டு ஒன்றை வைத்து முயல்வதாகவும், ஒரு நாளைக்குச் சில தடவைகளுக்கு மேல் வேண்டாமென்றும் முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்று எழுதுகிறேன். நான் அந்த வீட்டில் இன்னொருவரோடு சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான்.

அன்றிலிருந்து பாய் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். மத்தியான லுஹர் தொழுகை முடித்துவிட்டு வருவார், சாயங்கால அஸர் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். கையில் உப்பு பிஸ்கட் பொட்டலம் இருக்கும். இரண்டாவது வாரம் நான் மார்க்கெட்டில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்து போட்டேன். நான் திருகாணியைத் திருப்புவேன், அவர் பேசுவார். ஜிப்பைப் பற்றி, பித்தளை ஜிப்புக்கும் நைலான் ஜிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி, குடைக் கம்பியில் துரு எங்கே ஆரம்பிக்கும் என்பதைப் பற்றி. மஸ்கட்டில் இருக்கும் மகள் அங்கே வந்துவிடும்படி நச்சரிக்கிறாள் என்பார். சில சமயம் மனைவியைப் பற்றியும். நண்டு வைத்தால் தெருவே மணக்கும் என்றார். நான் அதிகம் பேசமாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் காயலான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தேன். வீட்டைப் பெருக்கி, பால் வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். விலங்கியல் வந்துவிட்டது. மீனின் செவுள்களைப் பற்றிய முன்னுரை, வரிவரியாக, பச்சையாகத் திரையில் ஓடியது. ‘வீடு’ தட்டைப் போட்டேன். அதுவும் வந்தது. முதல் காரியமாக என் மெஷினில் அதைப் பிரதி எடுத்துக்கொண்டேன்.

படித்திருக்கக் கூடாது. படித்தேன். தமிழ் எழுத்து இல்லாத மெஷின் என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். தேதி இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரிகள்தான். பாதி வரை படித்துவிட்டு எழுந்து வராந்தாவில் போய் நின்றேன். கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

இது பாயின் மனதை நோகடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயதானவர், மனைவி போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இப்போது எதற்கு இது என்று. மிகவும் நியாயமாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கை வைத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், அப்போது உண்மை எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டைப் படித்துவிட்டால் அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எதற்கு வருவார்?

மோட்டார் நின்ற இடத்தில் மெல்லியதாகப் பென்சில் கோடு ஒன்று போட்டுக்கொண்டேன். பிறகு வேண்டுமென்றே கால் சுற்று திருப்பி வைத்தேன். பொய் சொன்னாலும் மெஷின் நிஜமாகவே படிக்காமல் இருக்க வேண்டும் என்று எனக்கு. ஞாயிறு பாய் வந்தார். தட்டைப் போட்டேன். படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி முயலவா என்று மெஷின் கேட்டது. பாய் உச்சுக்கொட்டிவிட்டு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். அன்றைக்கு அவர் கல்யாணத்தன்று மழை கொட்டியதைப் பற்றிச் சொன்னார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் குறைவு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்ததும் உண்மைதான்.

அதற்கடுத்த வாரமும் அப்படியே செய்தேன்.

மூன்றாவது ஞாயிறு அவர் வெறுங்கையோடு வந்தார். மகள் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். வீட்டைத் தம்பி மகன் எடுத்துக்கொள்கிறான். இந்த மெஷினையும் தட்டுகளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது எழுத்து திரையில் வந்தால் போன் செய்து சொல்லுங்கள் என்றார். வராவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு குறையும் இல்லை, இத்தனை வாரம் நீங்கள் பட்ட பாடே போதும் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சும்மா இருந்திருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். நன்றி சொல்லிவிட்டு விமானம் ஏறியிருப்பார். தவறு செய்கிறவனைத் திட்டலாம், அடிக்கலாம். கையைப் பிடித்து நன்றி சொன்னால் அவன் என்ன செய்வான்? கையை விடுவித்துக்கொண்டு போய் டிரைவைத் திறந்தேன். மோட்டாரைப் பென்சில் கோட்டுக்கு நேராகத் திருப்பினேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டைப் போட்டு, பிரிண்டருக்கு அனுப்பினேன். அது தன் சத்தத்தோடு மூன்று தாள்கள் அடித்து முடித்தது.

தாளை வாங்கிப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். தமிழ்ப் பேப்பர் வரி விடாமல் படிப்பார், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அவருக்கு ஓடவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான்தான் உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று.

"மீன் கட்டுரை அறுபது பக்கம் முடிந்தது. மழை. பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டது என்று மாடியிலிருந்து கூப்பிட்டேன். சிக்கவில்லை. வந்தார். அரை மணி நேரம் இருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்."

நான் மேலே படித்தேன்.

"இன்றைக்கும் கூப்பிட்டேன். கடையில் ஆள் நிற்கிறது என்றார்."

"ரிப்பனை நானே கழற்றி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கோபமாக வந்தார். மாட்டிக் கொடுத்தார். உட்காரவில்லை."

இடையில் பொருளாதாரக் கட்டுரை வந்தது, மகளுக்குக் காய்ச்சல் வந்தது, ஒரு பெருநாளைக்குச் சேலை வாங்கினார்கள். பேப்பர் சிக்கியது, சிக்கியது, சிக்கியது. கடைசித் தாளில் இரண்டே வரி இருந்தது. அதையும் படித்தேன்.

"இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றிருக்கிறேன். பிரிண்டர் நன்றாகத்தான் ஓடுகிறது."

பாய் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவின் ஓரத்தால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு மிஷினப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். ஒண்ணும் தெரியாதவன எதுக்கு இவ இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்னு நெனப்பேன்" என்றார்.

அவர் டிரைவைப் பார்த்தார், அதன்மேல் இருந்த பென்சில் கோட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது எப்ப சரியாச்சு?"

"மூணு வாரம் ஆகப் போவுது பாய்."

"அப்ப போன வாரம், அதுக்கு முந்துன வாரம்?"

"நான்தான் திருப்பி வச்சேன். படிச்சிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்த மூன்று தாள்களையும் கிழிக்காமல், ஓட்டை போட்ட ஓரங்களோடு அப்படியே, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அஸருக்கு இன்னும் நேரமிருந்தது; ஆனாலும் எழுந்தார். நான் பின்னாலேயே போனேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"வான்னு சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே" என்றார்.

சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.